நிக்கி லௌடா கதைத்த டொச்

ஜேர்மனிக்கு வந்த எங்கள் ஆட்கள் இந்த நாட்டு மொழியை டொச் என்றுதான் சொல்வார்கள். அந்த டொச்சை நான் நான்கு வாய்களில் கேட்டுப் பழகினேன். மாலை வகுப்பில் ஆசிரியை சொல்லித்தந்தது ஒன்று. வேலை செய்த விடுதியின் முதலாளியம்மா கதைத்த மலைநாட்டுப் பேச்சு இரண்டாவது. அலுவலகங்களிலிருந்து வந்த கடிதங்களின் டொச் மூன்றாவது. நான்காவது, ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறைத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. அது ஒஸ்திரியாக்காரரான பழைய கார்ப் பந்தய ஓட்டுநர் நிக்கி லௌடாவின் டொச். முதல் மூன்றும் இல்லாமல் இங்கே காலம் தள்ளியிருக்க முடியாது. ஆனால் என்னைத் துணிந்து வாய் திறக்க வைத்தது அந்த நான்காவதுதான். அவருக்கு நான் பட்ட கடனை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

நான் வேலை செய்த ஊர் ஆடனவ். ஐஃபல் மலைக்காட்டுக்குள் கிடக்கும் சிறிய ஊர். ஊரோடு ஒட்டிய பிரைட்ஷைட்டில் வீதிக்கு மேலாக ஒரு பாலம் போகும். அதன் மேல் ஓடுவது நூர்பூர்க்ரிங் பந்தயப் பாதையின் வடக்கு வளையம். 1927இல் திறந்த பாதை அது. ஏறக்குறைய 22.8 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டுக்குள் ஏறி இறங்கி, கிராமங்களைச் சுற்றி வளைந்து வரும். பிரைட்ஷைட்டைத் தாண்டி மேலே ஏறினால் பெர்க்வெர்க் என்ற வளைவு. அந்த இடத்துக்குச் சற்று முன்னால்தான் 1976 ஓகஸ்ட் 1ஆம் திகதி லௌடாவின் ஃபெராரி பாதையை விட்டு விலகி மண்மேட்டில் மோதித் தீப்பிடித்தது. பின்னால் வந்த ஓட்டுநர்கள் மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல் ஆகியோர் தங்கள் கார்களிலிருந்து இறங்கி ஓடிவந்து அவரை நெருப்புக்குள்ளிருந்து இழுத்தெடுத்தார்கள். முதலில் கொண்டுபோனது எங்கள் ஆடனவ் மருத்துவமனைக்கு.

முதலாளியம்மாவுக்கு அந்த நாள் நல்ல நினைவு. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது சொல்லுவா. அன்றைக்கு விடுதி நிறையச் சனமாம். பந்தயம் நின்றுவிட்டது என்ற செய்தி வந்ததும் ஒருவரும் சாப்பாட்டைத் தொடவில்லையாம். அவர் பிழைக்கமாட்டார் என்றே ஊரில் எல்லாரும் நினைத்தார்களாம். மன்ஹைம் மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு மந்திரங்களைச் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது. விஷவாயு நுரையீரலைச் சுட்டிருந்தது. முகமும் தலையும் வெந்திருந்தன. ஆனால் 42 நாட்கள் கழித்து, செப்டம்பர் 12ஆம் திகதி, மொன்சா பந்தயத்தில் லௌடா காரோட்டி நான்காவதாக வந்தார். காயம் ஆறியிருக்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றும்போது கட்டுத்துணியில் இரத்தம் ஒட்டியிருந்தது.

இதெல்லாம் நான் ஜேர்மனிக்கு வருமுன் நடந்தவை. நான் வந்த காலத்தில் லௌடா மூன்று தடவை உலக வாகை சூடி ஓய்ந்தவர். 1975, 1977 ஆண்டுகளில் ஃபெராரியோடும், 1984இல் மக்லாரனோடும். அந்தக் கடைசி வாகையை அலென் புரோஸ்டைவிட அரைப் புள்ளி கூடுதலாக எடுத்து வென்றார். 1996 முதல் ஆர்.டி.எல். தொலைக்காட்சியில் ஃபார்முலா 1 பந்தயங்களுக்கு விளக்கம் சொல்பவராக வந்தார். நிகழ்ச்சியை நடத்தியவர் ஃப்ளோரியன் கூனிக். பக்கத்தில் சிவப்புத் தொப்பியோடு லௌடா நிற்பார்.

விடுதியில் நான் கோப்பை கழுவித் தொடங்கி, சலாது வெட்டி, கடைசியில் அடுப்புக்கு வந்தவன். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வடியும் நேரமும் பந்தயம் தொடங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அலமாரிக்கு மேலே ஒரு சின்னத் தொலைக்காட்சி. மைக்கல் சூமாக்கர் ஃபெராரிக்குப் போன காலம் என்பதால் ஐஃபலில் அந்த நேரம் வேறு எதையும் யாரும் பார்ப்பதில்லை. சூமாக்கர் வளர்ந்த கெர்பன் எங்களிடமிருந்து காரில் ஒரு மணித்தியாலத் தூரம். கொத்து வேலை செய்த தகப்பனின் மகன். ஊர்க்காரர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி.

என்னோடு சமையலறையில் நின்றவர் என்னைவிட மூத்தவர், சாவகச்சேரிப் பக்கத்து ஆள். முதன்முதலாக லௌடா கதைத்ததைக் கேட்டதும் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உவர் கதைக்கிறது டொச்தானோ?"

"டொச்தான் அண்ணை. வியன்னாக்காரர்."

"எங்கட ரீச்சர் கேட்டா உவருக்கு எத்தனை மார்க்ஸ் போடுவா?"

அண்ணை கேட்டது பகிடியாக அல்ல. அந்தக் கேள்வி எனக்குள் ஆழமாக இறங்கியது. ஏனென்றால் மாலை வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் பட்டபாடு அப்படி.

தமிழ் நாக்குக்கு டொச்சில் பெரிய சிரமம் இலக்கணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு இலக்கணம் அவ்வளவு தொல்லை தரவில்லை. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காருவது எங்களுக்குப் பழகிய வழக்கம்தானே. தொல்லை ஒலியில் இருந்தது. சமையலறையில் அன்றாடம் வேண்டிய இரண்டு வினைகள்: ஒன்றுக்குப் பொருள் 'பொதி கட்டு', மற்றதற்கு 'வெதுப்பு'. தமிழில் எழுதினால் இரண்டுமே 'பக்கன்'தான். முதல் எழுத்தை மூச்சுத் தள்ளிச் சொல்வதா, மெதுவாக அதிர்த்திச் சொல்வதா என்பதுதான் வேறுபாடு. ஆசிரியை ஒரு கடதாசித் துண்டை என் வாய்க்கு நேரே பிடிப்பா. முதல் சொல்லுக்குக் கடதாசி ஆட வேண்டும், இரண்டாவதற்கு ஆடக் கூடாது. பொறுமைசாலி, மாணவர்மேல் அக்கறை உள்ள மனுஷி. ஆனால் அந்தக் கடதாசியைக் கண்டாலே எனக்குத் தொண்டை அடைக்கும். எங்கள் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே வீடு. அதைப் பிறந்ததிலிருந்து படித்த நாக்கு எப்படி ஒரு குளிர்காலத்தில் மாறும்?

லௌடாவைக் கேட்கத் தொடங்கிய பிறகு ஒன்றைக் கவனித்தேன். அவர் வாய்க்கு முன்னால் ஆசிரியை கடதாசி பிடித்தால் அதுவும் ஆடாது. வியன்னாவிலும் பவேரியாவிலும் சொல்லின் முதலில் வரும் அந்த வல்லொலியும் மெல்லிய ஒலியும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். நன்றி என்பதற்கான டொச் சொல்லின் முதல் எழுத்தும் எரிபொருள் தாங்கிக்கான டொச் சொல்லின் முதல் எழுத்தும் அங்கே ஒரே ஒலிதான். இடத்தை வைத்துக் கேட்பவர் விளங்கிக்கொள்வார், நாங்கள் தமிழில் செய்வது போலவே. இதை ஆசிரியையிடம் சொன்னபோது அவ மறுக்கவில்லை. பரீட்சைக்கு வேண்டியதை நான் சொல்லித்தருகிறேன், ஆனால் அந்த மனிதர் கதைப்பதும் முழு டொச்தான் என்றா. இன்னொரு விஷயமும் சொன்னா. ஒஸ்திரியா 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, தன் நாட்டு உணவுப் பெயர்கள் 23ஐ ஜேர்மனியின் பெயர்களுக்குச் சமமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தோடு இணைப்பே எழுதி வாங்கியதாம். அந்தப் பட்டியலைப் பிறகு நான் தேடிப் படித்தேன். சமையல்காரனுக்கு அது இனிமையான வாசிப்பு. தக்காளி, உருளைக்கிழங்கு, பூக்கோவா, கத்தரிக்காய், பச்சைப் போஞ்சி என்று நான் நாளாந்தம் வெட்டுகிற அத்தனைக்கும் அங்கே வேறு பெயர்கள். ஒரு சின்ன நாடு தன் வாயில் வரும் சொல்லைக் குறையாக நினைக்காமல், அதைச் சட்டத்தில் ஏற்றி வைத்திருக்கிறது.

அதன் பிறகு லௌடாவின் பேச்சை நான் இன்னும் கூர்ந்து கேட்டேன். ஜேர்மனி முழுவதும் பார்க்கும் தொலைக்காட்சியில் நிற்கிறார். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வடக்கில், மேற்கில் இருப்பவர்கள். அவர்களுக்காக ஒரு எழுத்தைக்கூட அவர் மாற்றிச் சொல்லவில்லை. வசதியான வியன்னாக் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டனார் ஹான்ஸ் லௌடா ஒஸ்திரியத் தொழிலதிபர்களின் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். பேரன் கார்ப் பந்தயத்துக்குப் போவதை அவர் விரும்பவில்லை. பந்தயத்துக்கு வங்கியிலிருந்து வரவிருந்த பணத்தையும் தடுத்தார். பேரன் வேறொரு வங்கிக்குப் போய்க் கடன் வாங்கிக் காரோட்டினார். அந்தத் தெளிவு பேச்சிலும் இருந்தது. அவருடைய வாக்கியங்கள் குட்டையானவை. முதலில் முடிவைச் சொல்வார், பிறகு காரணம். கூனிக் சுற்றி வளைத்து, இந்த மோதலுக்கு யாரைக் குறை சொல்லலாம் என்று கேட்டால், இவர் பெயரைச் சொல்லிவிடுவார். தெரியாததைத் தெரியாது என்பார். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வார். தொலைக்காட்சியில் அப்படி ஒரு மௌனத்தைத் தாங்குவதற்குத் துணிவு வேண்டும்.

புதிதாக மொழி படிப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கடிதங்களின் டொச்சில் ஒரு வாக்கியம் பக்கத்தின் பாதிவரை நீளும். வினை வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். லௌடா பேசினால் வினை உடனே வரும். நான் அவருடைய வாக்கியங்களைப் பந்தயம் முடிந்த பிறகு பானை தேய்த்தபடி வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். 'டயர் தேய்ந்துவிட்டது. அவர் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை. முடிந்தது.' இந்த அமைப்பில் டயருக்குப் பதிலாக உருளைக்கிழங்கைப் போட்டால் சமையலறையில் வேண்டிய எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று கண்டுகொண்டேன்.

லௌடாவைப் பற்றிய ஒரு கதையை விடுதிக்கு வரும் பழைய பந்தய ரசிகர் ஒருவர் சொன்னார். பிறகு அது லௌடாவே தன் புத்தகத்தில் சொன்ன கதை என்று அறிந்தேன். ஃபெராரிக்குப் போன புதிதில் அவர் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முதலாளி என்ஸோ ஃபெராரி கார் எப்படி என்று கேட்டார். கார் படுமோசம் என்றார் லௌடா. இடையில் நின்று மொழிபெயர்த்தவர் என்ஸோவின் மகன் பியேரோ. அவர் திடுக்கிட்டு, இதை அப்படியே சொல்ல முடியாது என்றாராம். கடைசியில் சொல்ல வேண்டியதாயிற்று. என்ஸோ கோபப்பட்டார். காரை மாற்றி ஒரு கிழமைக்குள் வேகம் கூட்டிக் காட்டு, இல்லையென்றால் வெளியே போ என்றார். லௌடா காட்டினார். பிறகு அவரே இத்தாலிய மொழியும் பழகிக்கொண்டார்.

இந்தக் கதையைக் கேட்ட இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. அகதி விண்ணப்பத்துக்கான விசாரணையில் நான் உட்கார்ந்த அறை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அங்கேயும் எனக்கும் அதிகாரிக்கும் நடுவில் ஒருவர் இருந்தார். எங்கள் வீதியில் ஷெல் விழுந்த பகலைப் பற்றி நான் நெடுநேரம் சொன்னேன். அவர் டொச்சில் சொன்னது சில சொற்கள்தான். சொன்னதன் நீளத்துக்கும் மொழிபெயர்ப்பின் நீளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, மொழி தெரியாமலே என்னால் அளக்க முடிந்தது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். களைத்திருந்தார், அன்றைக்கு அவருக்கு என்னைப்போல் இன்னும் பலர் காத்திருந்தார்கள். ஆனால் என் வாழ்க்கை இன்னொருவர் வாய்க்குள் சுருங்கிப்போனது. அப்போதுதான் முடிவெடுத்தேன். இனிமேல் என்னைப் பற்றிய எதையும் நானே சொல்வேன். பிழையாக வந்தாலும் என் வாயில் வரட்டும்.

சில வருடங்கள் கழித்து வதிவிட அனுமதிக்காக அதே மாதிரியான இன்னொரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். முதலில் முடிவு, பிறகு காரணம். 'நான் இங்கே இருக்க விரும்புகிறேன். எனக்கு வேலை இருக்கிறது. என் பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். ஊரில் என் வீடு இல்லை.' அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நான் கதைத்ததில் யாழ்ப்பாணமும் இருந்தது, ஐஃபலும் இருந்தது, கொஞ்சம் வியன்னாவும் இருந்திருக்க வேண்டும். அவருக்கு விளங்காமல் போன வாக்கியம் ஒன்றும் இல்லை.

உச்சரிப்பும் குட்டை வாக்கியமும் மட்டும் என்றால் லௌடாவை நான் இவ்வளவு தூரம் கொண்டாடமாட்டேன். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது. 1976 ஒக்டோபர் 24ஆம் திகதி ஜப்பானின் ஃபுஜியில் அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். மழை கொட்டியது. ஜேம்ஸ் ஹண்டைவிட லௌடா மூன்று புள்ளி முன்னால் நின்றார். இரண்டு சுற்று ஓட்டிவிட்டுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இந்த மழையில் ஓட்டுவது உயிருக்கு ஆபத்து என்றார். ஃபெராரியின் பொறியியலாளர் மௌரோ ஃபோர்கியேரி, எஞ்சினில் கோளாறு என்று அறிவித்துவிடலாமா என்று கேட்டார். லௌடா மறுத்துவிட்டார். தான் ஓட்ட விரும்பவில்லை, அதுதான் காரணம், அதையே சொல்லுங்கள் என்றார். ஹண்ட் மூன்றாவதாக வந்து ஒரு புள்ளியால் உலக வாகை சூடினார். இத்தாலியப் பத்திரிகைகள் லௌடாவைக் கோழை என்று எழுதின. எரிந்த முகத்தோடு ஆறு கிழமையில் திரும்பி வந்த மனிதரை அப்படி எழுதினார்கள். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரு பொய் கையில் கிடைத்தும் அதை அவர் எடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய சோதனை 1991 மே 26ஆம் திகதி வந்தது. அவர் தொடங்கி நடத்திய லௌடா ஏர் நிறுவனத்தின் போயிங் 767 விமானம் பாங்கொக்கிலிருந்து வியன்னாவுக்குப் புறப்பட்டு, தாய்லாந்துக் காட்டுக்கு மேலே உடைந்து விழுந்தது. 223 பேரும் இறந்தார்கள். லௌடா அந்தக் காட்டுக்கே போய்ச் சிதறல்களுக்கு நடுவே நின்றார். பந்தயத்தில் தன் உயிரைப் பணயம் வைப்பது தன் முடிவு, ஆனால் தன்னிடம் பயணச்சீட்டு வாங்கியவர் திரும்பி வரவில்லையென்றால் அதற்குக் காரணம் கண்டே ஆக வேண்டும் என்பது அவருடைய நிலை. தரையிறங்கிய பிறகு வேகத்தைக் குறைக்க உதவும் எதிர்த் தள்ளுகை, இடது எஞ்சினில் நடுவானிலேயே தானாகத் திறந்துவிட்டது. அந்த நிலையில் எந்த விமானியாலும் விமானத்தைக் காப்பாற்ற முடியாது என்பதைப் போயிங் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அவர் விடாமல் நின்றார். இறந்துபோன விமானிகள்மேல் பழி தங்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. என் ஊரிலும் காரணம் சொல்லப்படாத சாவுகள் நிறைய. அதனால் அந்தப் பிடிவாதத்தை நான் கைகூப்பி மதிக்கிறேன்.

டொச் பேசும் ஓட்டுநர்களின் கதைகளைத் தேடி வாசிக்கும் பழக்கம் இப்படித்தான் எனக்கு வந்தது. அதில் என் மனதை அதிகம் பிடித்தவர் யோகன் ரிண்ட். 1942இல் ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்தவர். தகப்பன் வீட்டாருக்கு அங்கே வாசனைத்திரவியம் அரைக்கும் ஆலை இருந்தது. அடுத்த வருடம் ஹம்பேர்க் நகரின்மேல் விழுந்த குண்டுகளில் தாயும் தகப்பனும் இறந்தார்கள். குழந்தையை ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் தாயின் பெற்றோர் வளர்த்தார்கள். அந்த ஊர்ப் பேச்சுத்தான் அவர் பேச்சானது. ஒஸ்திரிய உரிமத்தில் காரோட்டினார், ஒஸ்திரியர்கள் அவரைத் தங்கள் பிள்ளையாகக் கொண்டாடினார்கள். ஆனால் கடைசிவரை கையில் இருந்தது ஜேர்மன் கடவுச்சீட்டு. 1970 செப்டம்பரில் மொன்சாவில் இறந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த புள்ளிகளை மிச்சப் பந்தயங்களில் எவராலும் தாண்ட முடியாததால் இறந்த பிறகு உலக வாகை அவருக்கே கிடைத்தது. ஃபார்முலா 1 வரலாற்றில் அப்படி வேறொருவர் இல்லை. குண்டில் குடும்பத்தை இழந்து, ஒரு நாட்டுக் கடவுச்சீட்டும் இன்னொரு நாட்டு நாக்குமாக வாழ்ந்த ஒருவரை எங்களால் அந்நியராக நினைக்க முடியவில்லை.

பிறகு செபஸ்டியன் ஃபெட்டல் வந்தார். ஹெசன் மாநிலத்து ஹெப்பன்ஹைம்காரர். அவர் பேச்சில் அந்த மாநிலத்தின் 'இஷ்' என்ற ஒலி கேட்கும். எங்கள் ஐஃபல் பக்கத்திலும் 'நான்' என்பதை அப்படிச் சொல்வோர் உண்டு. முதலாளியம்மாவும் அப்படித்தான். 2010 நவம்பரில் அபுதாபியில் ஃபெட்டல் முதல் உலக வாகை சூடிய அந்த நிமிடத்தைச் சமையலறையில் நின்று கேட்டோம். அவருடைய அணி ஒஸ்திரிய நிறுவனம் ஒன்றினுடையது. தொழிற்கூடம் இருப்பது இங்கிலாந்தில். வானொலியில் அவரோடு கதைக்கும் பொறியியலாளர் கியோம் ரொக்லன் பிரெஞ்சுக்காரர். வேலை முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும். மற்றக் கார்கள் எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை பொறுத்திருந்த அந்தப் பிரெஞ்சுக்காரர், நீ உலக வாகையன் என்ற செய்தியை டொச்சில் சொன்னார். 23 வயதுப் பிள்ளை வானொலியில் விம்மி அழுதது எங்களுக்கும் கேட்டது. ஒருவனுக்கு அவன் வாழ்வின் பெரிய செய்தியை அவன் தாய்மொழியில் சொல்வதுதான் மரியாதை என்று அந்தப் பொறியியலாளருக்குத் தெரிந்திருக்கிறது. அன்று முதல் எங்கள் பக்கத்தில் யாருக்காவது விசா கிடைத்த கடிதம் வந்தால், நான் அதை அவர்களுக்குத் தமிழில்தான் வாசித்துச் சொல்வேன்.

2013இல் லௌடாவையும் ஹண்டையும் பற்றிய 'ரஷ்' திரைப்படம் வந்தது. லௌடாவாக நடித்தவர் டானியல் ப்ரூல். பார்சலோனாவில் பிறந்து கேல்ன் நகரில் வளர்ந்தவர். லௌடாவின் பேச்சைப் பழகுவதற்காக அவரைக் காண வியன்னாவுக்குப் போனார். கைப்பெட்டி மட்டும் கொண்டு வா, ஒத்துவராவிட்டால் உடனே திரும்பிப் போகலாம் என்று லௌடா முன்கூட்டியே சொல்லியிருந்தாராம். ஒத்துவந்தது. கேல்ன் பேச்சில் வளர்ந்த ஒரு நடிகர், அந்த வியன்னா ஒலியை எவ்வளவு உழைத்துப் பிடித்திருக்கிறார் என்று திரையரங்கில் இருந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நான் வகுப்பில் விட்டொழிக்கப் பாடுபட்ட அதே மெல்லொலிகளை அவர் பாடுபட்டுச் சேர்த்திருந்தார்.

லௌடாவுக்கு 2018இல் வியன்னாவில் நுரையீரல் மாற்றுச் சிகிச்சை நடந்தது. 2019 மே 20ஆம் திகதி சூரிச்சில், 70 வயதில் காலமானார். வியன்னாவின் ஸ்டெஃபன் பேராலயத்தில் பெட்டியின் மேல் அவருடைய தலைக்கவசத்தை வைத்திருந்தார்கள். மக்கள் வரிசையாக வந்து கும்பிட்டுப் போனார்கள். புரோஸ்டும் லூயிஸ் ஹமில்டனும் வந்திருந்தார்கள். நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். சாவகச்சேரி அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். "எங்கட வாத்தியார் போட்டார் தம்பி" என்றார். இரண்டு பேரும் நெடுநேரம் அவரைப் பற்றியே கதைத்தோம்.

இப்போது நான் அடுப்பை விட்டாயிற்று. வாரத்தில் சில நாள், புதிதாக வந்தவர்களோடு வைத்தியரிடமும் அலுவலகங்களுக்கும் போகிறேன். தமிழர்கள் மட்டுமில்லை, சிரியாக்காரர், எரித்திரியாக்காரர் எல்லாரும் வருவார்கள். அவர்களுக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை டொச் ஒன்றுதான். தங்கள் உச்சரிப்பை எண்ணி வெட்கப்பட்டு, வலி எங்கே என்றுகூடச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வலிக்கிற இடத்தை முதலில் சொல்லுங்கள், எப்போது தொடங்கியது என்பதை அடுத்துச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் நாக்கில் எப்படி வருகிறதோ அப்படியே சொல்லுங்கள். உண்மையான வாக்கியத்தை இந்த நாடு எந்த உச்சரிப்பிலும் விளங்கிக்கொள்ளும். இளம் பிள்ளைகளாக இருந்தால் கைத்தொலைபேசியில் லௌடாவின் பழைய நேர்காணல் ஒன்றைப் போட்டுக் காட்டுவேன். அவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சைக் கேட்கத் தொடங்குவார்கள். பிறகு அவர் சொன்னதைத் தங்கள் வாயில் சொல்லிப் பார்ப்பார்கள், அரபு ஒலியோடும் திக்ரிஞ்ஞா ஒலியோடும் தமிழ் ஒலியோடும். அதில் எதையும் நான் திருத்துவதில்லை.